உப்பேறிய சுவர்

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியைக் கடந்து ஊருக்குள் நுழைபவர் கண்ணில் முதலிற் படுவது கோட்டை. 1560ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின்னர் புதுக்கியது. 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மாணவனாக இருந்த காலத்தில் இவ்வாண்டுகளை மனனஞ் செய்து ஒப்புவித்தேனேயன்றி, அக்கோட்டைச் சுவரை ஒருநாளேனும் தொட்டுப் பார்த்தேனல்லேன். அக்கல் எங்கிருந்து வந்தது, எதைக்கொண்டு அதனை ஒட்டினார்கள், கடற்காற்றில் நின்று அது எங்ஙனம் இத்தனை காலம் தாக்குப் பிடித்தது என்பன பரீட்சைக்கு வாராத வினாக்கள். அவ்வினாக்கள் என்னைத் தேடி வந்தபோது எனக்கு வயது ஐம்பத்தைந்து. தேடி வந்தவை கோட்டையிலிருந்தும் வரவில்லை. நான் படித்த விடுதிச்சாலையின் சுவரொன்றிலிருந்து வந்தன.

அவ்விடுதி மன்னார்க் கரையில் மிசன் காலத்தில் எழுந்தது. 1974 தை மாதம் முதல் 1981 வரை நான் அங்கு உண்டு, உறங்கி, அடிவாங்கி, படித்து வளர்ந்தேன். அதன் பெயரை ஈண்டு எழுதப்போவதில்லை. இக்கட்டுரையில் வரும் பிழை என்னையும் என்னோடு சேர்ந்த சிலரையும் சார்ந்தது. பெயரை எழுதினாற் பழி இடம் மாறிவிடும்.

விடுதி நீண்டதொரு கட்டடம். கிழக்கு மேற்காக நூற்றிருபது அடி. சுவரின் தடிப்பு இரண்டடி. சுவர் முழுவதும் முருகைக்கல். எங்கள் கரையோரத்துப் பழைய வீடாயினும், கோவிலாயினும், பள்ளிவாசலாயினும், தேவாலயமாயினும் பெரும்பாலும் இக்கல்லைக் கொண்டே எழுந்தது. மலையில்லாத நாட்டிற்குக் கடல் கொடுத்த மலை அது. கூரையைத் தாங்கியவை வைரம் பாய்ந்த பனந்தீராந்திகள். அவற்றின்மேற் சிலாகையும், அதன்மேல் மங்களூர் ஓடும். பாசல் மிசனைச் சேர்ந்த ஜோர்ஜ் பிளெப்ஸ்து என்பார் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையும், அதனைப் பார்த்து அவ்வூரில் எழுந்த பிற தொழிற்சாலைகளும் சுட்ட ஓடுகள் கப்பலேறி எங்கெங்கோ சென்றன. எங்கள் கூரைக்கும் வந்திருந்தன. ஓட்டின் அடிப்புறத்திற் பொறித்திருந்த எழுத்துக்களைப் படுத்தபடியே, நிலவு வெளிச்சத்தில், எழுத்துக்கூட்டி வாசிப்பது எங்கள் இரவு விளையாட்டு.

அறுபது கட்டில்கள் ஒரே மண்டபத்தில். முருங்கன், வங்காலை, அடம்பன், சிலாவத்துறை, பேசாலை, தலைமன்னார் என்று எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள். சிலர் தலைமன்னார்ப் புகையிரதத்தில் வந்திறங்குவர். பெட்டிக்குள் பனங்கட்டியும் கருவாட்டுப் பொரியலும் இருக்கும். முதல்நாள் இரவிலேயே அவை பொதுவுடைமையாகிவிடும். கிணற்று நீர் உவர். மலசலகூடங்கள் நான்கு, அவற்றுள் இரண்டிற்குக் கதவில்லை. இதனையும் எழுதுகின்றேன், ஏனெனிற் பழைய விடுதியைப் பற்றி எழுதும் எம்மவர் பலரும் வேப்பமரத்தையும் மணியோசையையும் எழுதிவிட்டுக் கதவில்லாத மலசலகூடத்தை மறந்து விடுகின்றனர். பழைமையைப் போற்றுபவர் பெரும்பாலும் இன்று அதனுள் வாழ்பவரல்லர்.

விடுதிச்சாலைக் கல்வி எம்மண்ணில் வேரூன்றிய வரலாறே ஒரு புனருத்தாரண வரலாறு என்பது பலர் கவனியாத செய்தி. அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தபோது அவர்களுக்குத் தங்கவும் கற்பிக்கவும் கிடைத்தவை கூரையிழந்து, புதர் மண்டிக் கிடந்த பழைய தேவாலயங்களும் அவற்றையடுத்த இல்லங்களுமே. போர்த்துக்கேயர் கத்தோலிக்கத் தேவாலயங்களாக எழுப்பியவற்றை ஒல்லாந்தர் தம் சமயத்திற்கேற்ப மாற்றிக்கொண்டனர். பல்தேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் அத்தேவாலயங்களின் படங்களைக் காணலாம். அந்த இடிபாடுகளுக்கே மீண்டும் கூரையிட்டனர். தெல்லிப்பழையில் டானியேல் பூவரும் எட்வேட் வொரனும், வட்டுக்கோட்டையில் பெஞ்சமின் மெயிக்ஸும் ஜேம்ஸ் றிச்சாட்ஸும் தொடங்கிய வேலை அது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும், ஹரியற் வின்சிலோ அம்மையாரின் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலை 1824இலும் தோன்றின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியிற் கற்றவர்கள் என்பதை இப்பல்கலைக்கழக மாணவர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இங்கு எனக்கு எழும் ஐயம் வேறு. வட்டுக்கோட்டைக் கட்டடத்தை அதன் 'பழைய நிலைக்கு' மீட்க ஒருவர் முனைவாராயின், எந்தப் பழைய நிலைக்கு மீட்பார்? போர்த்துக்கேயரின் பலிபீடத்திற்கா, ஒல்லாந்தரின் பிரசங்க மேடைக்கா, பூவரின் வகுப்பறைக்கா? மிசனரிமார் இவ்வினாவை எழுப்பினாரல்லர். அவர்களுக்கு மழைக்கு முன் கூரை தேவைப்பட்டது. பின்னாளில் ஐரோப்பாவிற் பெரும் வாதமாய் மூண்ட விடயம் இது. ஜோன் றஸ்கின் 1849இல் புனருத்தாரணம் என்பதே பொய் என்று சாடினார். வில்லியம் மொறிஸ் 1877இற் பழைய கட்டடங்களைப் 'புதுப்பிப்போரிடமிருந்து' காப்பதற்கென்றே ஒரு சங்கம் நிறுவினார். 1964இன் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்ப்பது புதிதென்றே தெரியவேண்டும் என வகுத்தது. இவற்றையெல்லாம் நான் வாசித்தது என் பிழையைச் செய்து முடித்த பின்னர்.

அப்பிழைக்கு வருகின்றேன்.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது விடுதி மூடப்பட்டது. மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது. தலைமன்னார்ப் பாதையிற் புகையிரதம் நின்றது. விடுதி மண்டபத்தில் இடம்பெயர்ந்தோர் தங்கினர்; பின்னர் அவர்களும் இடம்பெயர்ந்தனர். யுத்த நிறுத்தம் நிலவிய 2004ஆம் ஆண்டிற் பழைய மாணவர் சிலர் கூடிப் பணம் திரட்டினோம். நானே செயலாளன். கூரை ஒழுகிற்று, சுவரின் அடியிற் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து கல் தெரிந்தது. பதினான்காண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த கட்டடத்திற்கு அது பெரிய நோயன்று என்பதை இன்று அறிவேன். அன்று எங்களுக்கு அது அவமானமாகப் பட்டது. பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துச் சீமெந்து பூசினோம். அதன்மேற் பளபளக்கும் வர்ணம் அடித்தோம். தீராந்திகளையும் ஓடுகளையும் இறக்கிவிட்டு இரும்புக் குழாயும் அஸ்பெஸ்ரஸ் தகடும் ஏற்றினோம். இறக்கிய பனைமரங்களை ஏலத்தில் விற்றோம். பற்றுச்சீட்டிற் கையொப்பம் என்னுடையது. வாயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லொன்று பதித்தோம். அதிலும் என் பெயர் உண்டு.

சீமெந்தின்மேல் எங்களுக்கு இருந்த மதிப்பை இன்றைய மாணவர் விளங்கிக்கொள்வது கடினம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அது வடபுலத்தின் பெருமை. கல்வீடு கட்டியவன் என்பதிலும் 'சீமெந்து வீடு' கட்டியவன் என்பதில் ஒரு மிடுக்கு இருந்தது. சுண்ணாம்பு ஏழையின் பூச்சு. சீமெந்து முன்னேறியவனின் பூச்சு. ஆகவே நாங்கள் விடுதியைப் பாழாக்குகின்றோம் என்று ஒருவரும் கருதவில்லை. விடுதிக்கு மரியாதை செய்வதாகவே கருதினோம்.

2018 கார்த்திகையில், மாலைநேரம், மேற்குச் சுவரிலிருந்து கதவளவு பூச்சுப் பாளம் பெயர்ந்து ஒரு கட்டிலின்மேல் விழுந்தது. பிள்ளைகள் பெரும்பாலும் விளையாட்டு மைதானத்தில் நின்றனர். காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு சிறுவனின் தோளெலும்பு முறிந்தது. தலை தப்பியது. மன்னார் வைத்தியசாலையில் அவனைப் பார்க்கச் சென்றேன். அவனுடைய தாயார் என்னை யாரென்று அறியாமல், "தூரத்திலயிருந்து வந்திருக்கிறியள், இருங்கோ ஐயா" என்று கதிரையைத் தந்துவிட்டுத் தாம் நின்றார். நான் அக்கதிரையில் இருந்தேன். உண்மையைச் சொல்லவில்லை. அச்சுவரை மூடியவன் நான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நா எழவில்லை.

சுவரைப் பார்க்கவென ஊரிலிருந்து எழுபத்தைந்து வயதைத் தாண்டிய மேசன் ஒருவரை அழைத்து வந்தார்கள். இளமையிற் சுண்ணாம்பு வேலை செய்தவர். பின்னர் எல்லாரையும் போலச் சீமெந்துக்கு மாறியவர். அவர் பெயர்ந்த இடத்திற் கைவிரலால் ஒரு கீறு கீறி, நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு, சேர்" என்றார். பின்பு, "சுவருக்கு நீங்கள் பொலித்தீன் உடுப்பெல்லோ போட்டு விட்டிருக்கிறியள். வேர்வை எங்கால போறது?" என்று கேட்டார்.

அவர் ஒரு வாக்கியத்திற் சொன்னதை விஞ்ஞானத் துறை நண்பரொருவர் எனக்கு ஒரு மாலை முழுவதும் விளக்கினார். முருகைக்கல் நுண்துளைகள் நிறைந்தது. நிலத்திலிருந்தும் கடற்காற்றிலிருந்தும் உப்பு நீரை அது உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். சுண்ணாம்புப் பூச்சும் துளையுடையதாதலின் ஈரம் அதனூடே வெளியேறும். உப்பு பூச்சின் முகத்தில் வந்து பூக்கும். பூச்சு மெல்ல உதிரும். சில ஆண்டுகளுக்கொருமுறை புதிதாகப் பூசுவார்கள். உதிர்வது குறையன்று, அதுவே அதன் தொழில். சீமெந்தோ ஈரத்தை உள்ளே மறித்துவிடும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தளவிற்கு மேற் செல்லும்போது சாதாரண உப்பு நீராய்க் கரையும். அதன்கீழ் இறங்கும்போது மீண்டும் பளிங்காய் உறையும். மன்னாரில் வாடைக்காற்றுக் காலத்திற்கும் சோளகக் காலத்திற்கும் இடையில் மட்டுமன்று, ஒரே நாளின் விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையிலும் இவ்வெல்லை கடக்கப்படுகின்றது. ஒவ்வொரு முறை உறையும்போதும் பளிங்கு விரிந்து கல்லின் துளைச்சுவரை நெருக்கும். பூச்சின் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாமல், பதினான்காண்டு காலம் கல் மாவாகிக்கொண்டிருந்தது. வெளியில் வர்ணம் பளபளத்துக்கொண்டிருந்தது.

அந்நண்பர் சொன்ன இன்னொரு செய்தி என்னைப் பெரிதும் கவர்ந்தது. முருகைக்கல்லும் சிப்பியும் சுண்ணக் காபனேற்றே. அவற்றைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்திற் சுடும்போது காபனீரொட்சைட்டு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பாகின்றது. நீரூற்றி நீற்றிச் சுவரிற் பூசினால், நீங்கிய அவ்வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மறுபடியும் காபனேற்றாக இறுகுகின்றது. அதாவது பூச்சு ஈற்றிற் சுவரின் கல்லாகவே ஆகிவிடுகின்றது. போட்லண்ட் சீமெந்துக்கு ஜோசப் அஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். உடுவிற் பாடசாலை தோன்றிய அதே ஆண்டு. ஆனால் அது எம் சுவர்களை வந்தடைய நெடுங்காலம் சென்றது. அதுவரை கெட்டியாய் நின்ற சுவர்கள் எவ்வாறு நின்றன என்று நாங்கள் 2004இற் கேட்டிருக்கவேண்டும்.

விபத்தின் பின் கூடிய கூட்டங்களைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. ஒரு சாரார் இடித்துவிட்டு மூன்று மாடியிற் கொங்கிரீட் விடுதி எழுப்பலாம் என்றனர். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிற் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் இக்கட்சி. மறுசாரார் தொல்பொருட்டிணைக்களம் பார்த்துக்கொள்ளும், நாம் தொடவே கூடாது என்றனர். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டவற்றையே பொதுவாகத் தொல்சின்னமெனக் கொள்கின்றது. அதன்பின் எழுந்த எங்கள் விடுதி தானாக அதனுள் அடங்காது என்று ஒரு சட்டத்தரணி எடுத்துரைத்த பின்பே இவ்வாதம் ஓய்ந்தது. மிசன் காலத்துப் பாடசாலைக் கட்டடங்கள் பெரும்பாலும் இத்தகைய அந்தரத்தில் நிற்பவை. பழையவை என்று சொல்லும் அளவிற்குப் பழையவை. சட்டம் தானாகக் காக்கும் அளவிற்குப் பழையவையல்ல.

அக்கூட்டங்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் அடிக்கடி நினைவுகூரப்பட்டது. 1981 மே 31ஆந் திகதி இரவு எரியூட்டப்பட்ட அந்நூலகத்தின் எரிந்த கட்டடத்தை அவ்வாறே சின்னமாக விட்டு, நூலகத்தை வேறிடத்திற் கட்டவேண்டும் என்று வாதித்தோர் அன்று இருந்தனர். வெள்ளை பூசி மீளக் கட்டுவது நடந்ததை மறைப்பதாகும் என்பது அவர்கள் கட்சி. அது இலேசாகத் தள்ளத்தக்கதன்று. ஆயினும் கட்டடம் பழைய தோற்றத்திலேயே மீண்டெழுந்தது. 2004 முதல் பிள்ளைகள் அதனுள் இருந்து படிக்கின்றார்கள். எங்கள் மாவட்டத்திலேயே மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. திருக்கேதீச்சரத்தில் இருபதாம் நூற்றாண்டிற் பலமுறை திருப்பணி நடந்தது. 1976இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. பின்னர் போர் வந்தது. அதன்பின் கருங்கற்றிருப்பணியாகப் புதிதாய் எழுந்து 2022 யூலையிற் குடமுழுக்குக் கண்டது. கோவிலுக்குத் திருப்பணி என்ற சொல் இருக்கின்றது. அச்சொல்லிற் பழைமை, புதுமை என்ற பகையில்லை. கட்டடம் வழிபாட்டிற்கு உரியது, வழிபாடு தொடரவேண்டும், ஆகவே திருத்துவர். மறுபுறம், அரிப்பில் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடவென ஆளுநர் பிரெடரிக் நோர்த் எழுப்பிய மாளிகையைப் பாருங்கள். ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்பர். அதற்குப் பயன் ஒழிந்தது; பயன் ஒழிந்ததும் ஆள் ஒழிந்தது; இன்று கடல் அதன் அடிநிலத்தைத் தின்றுகொண்டிருக்கின்றது. கடற்கரைக் கட்டடத்திற்குப் பகை கடலைக் காட்டிலும் ஆளில்லாமை என்பது என் துணிபு.

நவீனமயம் என்ற சொல் கூட்டத்தில் வந்தபோதெல்லாம் அதற்கு ஆளுக்கொரு பொருள் இருந்தது. அதனால் விடுதிப் பிள்ளைகளையே கேட்கலாம் என்றேன். இருபது பிள்ளைகள் முதலில் வாய் திறக்கவில்லை. விடுதிப் பொறுப்பாளர் வெளியே சென்ற பின் பேசினார்கள். மலசலகூடம் கிட்ட வேண்டும். இரவில் முற்றம் கடந்து போகப் பயமாக இருக்கின்றது. நுளம்புவலை கட்டக் கொளுக்கி வேண்டும். கட்டிலுக்கருகில் மின்செருகி வேண்டும். பரீட்சைக் காலத்தில் விளக்கணைக்காமற் படிக்கத் தனியறை ஒன்று வேண்டும். ஒரு சிறுவன், "இந்தக் கூரை வேண்டாம் சேர், மத்தியானம் உள்ளுக்க இருக்கேலாது" என்றான். எங்கள் காலத்தில் ஓட்டுக் கூரையின்கீழ்ச் சித்திரை வெயிலிலும் மத்தியான நித்திரை கொண்டவன் நான். மூன்று மாடி வேண்டுமென்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. ஓடும் தீராந்தியும் வேண்டுமென்றும் கேட்கவில்லை. அவர்கள் கேட்ட எதற்கும் பழைய சுவர் தடையாக இருக்கவில்லை என்பதை நாங்கள் படிப்படியாகக் கண்டுகொண்டோம். மலசலகூடத்தையும் படிப்பறையையும் பின்புறத்தில் தனிக்கட்டடமாக, கூரையிட்ட நடைபாதையால் இணைத்து அமைப்பதென்றும், அது புதிதென்று பார்த்தவுடன் தெரியட்டும் என்றும் முடிவாயிற்று. வெனிஸ் சாசனத்தை ஒருவரும் எடுத்துக்காட்டவில்லை. பொறியியலாளர் ஒருவர், "பழசு மாதிரி நடிக்கவைக்கக் காசு கூட" என்றார், அவ்வளவே.

ஆனாற் சுண்ணாம்புக்கு ஒருவரும் இணங்கவில்லை. தாமதமாகும், ஆளில்லை, 'திரும்பவும் உதிரும்' என்றனர். வெடித்த இடங்களைத் திருத்தி மறுபடியும் சீமெந்தே பூசுவதென்று பெரும்பான்மை முடிவு. முதலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பும், பின்னர் கொரோனாக் காலமும் வேலையை நிறுத்தின. எங்களுக்கு அறிவு வந்தது 2022இல். அதுவும் வறுமையின் வழியாக. நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. சீமெந்து மூடையின் விலை மாதத்துக்கு மாதம் ஏறிற்று. சில வாரங்களில் விலை கொடுத்தும் கிடைக்கவில்லை. திரட்டிய பணம் பாதிச் சுவருக்கும் காணாது என்றானபோது, பழைய மேசனின் பெயர் மறுபடியும் கூட்டத்தில் அடிபட்டது.

அவர் முற்றத்தில் ஒரு குழி தோண்டுவித்தார். சுண்ணாம்பை நீற்றிக் குழியில் விட்டு, ஈரச்சாக்கினால் மூடி, மாதக்கணக்காய்க் கிடக்க விட்டார். "பூசுறதுக்கு முன்னம் பொறுக்கப் பழக வேணும்" என்று பொடியன்களுக்குச் சொன்னார். கடுக்காய் ஊறிய நீரும் பனங்கட்டிக் கரைசலும் சேர்த்தார். எவ்வளவு என்று கேட்டதற்குக் கையைக் காட்டினார். நான் குறிப்பேட்டில் அளவெழுத முயன்று தோற்றேன். கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தினாலும் அதன் பின்வந்த திருத்தத்தினாலும் தடுக்கப்பட்டுள்ளது, தடுக்கப்பட வேண்டியதுந்தான். மாவாகிப்போன கற்களுக்கு மாற்றாக இடிந்த வீடுகளின் கல்லைத் தேடி வாங்கினோம். பொடியன்களுள் நால்வர் அவரிடம் வேலை பழகினர். அவர்களுள் ஒருவன் இப்போது தலைமன்னாரில் ஒரு பழைய வீட்டுச் சுவரைத் தனித்து எடுத்துச் செய்கின்றான்.

பழைய சீமெந்தைக் கொத்தும்போது ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. எங்கள் காலத்தில் கட்டில் தலைமாட்டுச் சுவரிற் பென்சிலாற் பெயரும் ஆண்டும் எழுதுவது வழக்கம். 1990இல் அங்கு தங்கிய அகதிகள் நாட்களைக் கோடிட்டு எண்ணியிருந்ததை 2004இல் நான் கண்ணாற் கண்டிருக்கின்றேன். ஐந்தைந்து கோடுகளாக, முழங்கால் உயரத்தில், யாரோ ஒரு சிறுபிள்ளையின் கை. சீமெந்து பெயர்ந்த இடமெல்லாம் வெறுங்கல்லே இருந்தது. பழைய பூச்சை முற்றாகக் கொத்தச் சொன்னவன் நானல்லவா? அக்கோடுகள் எத்தனை என்று அன்று எண்ணிப் பார்க்கவும் தோன்றவில்லை.

எஞ்சியிருக்கக்கூடியவை தீராந்திகள் மட்டுமே. அனுமதியின்றிப் பனை தறிக்க இயலாத இக்காலத்தில் அத்தகைய வைரமரம் புதிதாகப் பெறுவதும் அரிது. பழைய பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தேடியெடுத்து, வாங்கியவர்களைத் தேடிப் போனோம். சிலர் விறகாக்கிவிட்டனர். பேசாலைப் பக்கத்து மீனவர் ஒருவர் நான்கை வாங்கிக் கடற்கரையில் வாடி போட்டிருந்தார். விலை பேசியபோது அவர் சிரித்தார். "காசைத் தந்திட்டு மரத்தைக் கொண்டு போனா, நான் வலையை எங்க வைக்கிறது?" என்றார். அவருடைய நியாயம் எங்களுடையதிலும் பெரியது. இரும்புக் குழாயும் தகரமும் கொண்டு அவருக்கு ஒரு வாடி கட்டிக் கொடுத்துவிட்டே மரங்களைப் பெற்றோம். எங்கள் விடுதிக்கு 2004இல் நாங்கள் ஏற்றிய அதே இரும்புக் குழாய்தான்.

நான்கனுள் ஒன்றில் இரண்டு பெயர்கள் இருந்தன, 1979 என்ற ஆண்டோடு. ஒன்று என்னுடையது. மற்றது சிலாவத்துறைப் பக்கத்திலிருந்து வந்து என் பக்கத்துக் கட்டிலிற் படுத்த நண்பருடையது. மேசைமேற் கதிரை வைத்து, கதிரைமேல் நான் நின்று, என் தோளில் அவர் ஏறிக் கவராயத்தின் முனையாற் கீறியது. அதற்குப் பெற்ற அடியும் நினைவிருக்கின்றது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது அவரும் குடும்பத்தோடு கடல்வழியாகக் கற்பிட்டி சென்றார். அவ்வெளியேற்றத்தின்போது நான் கொழும்பில் இருந்தேன். அவருக்கு ஒரு கடிதம் எழுதவில்லை. முகவரி தெரியாது என்பது காரணமாக இருந்தது. முகவரியைத் தேடவில்லை என்பது உண்மை.

2023 ஆவணியில் அவரை அழைத்தேன். புத்தளத்திலிருந்து மகனோடு வந்தார். தாடி நரைத்திருந்தது. மண்டபத்தில் நின்று தம் கட்டில் கிடந்த இடத்தைத் தேடினார், யன்னல்களை எண்ணி ஐந்தாவதன்கீழ் நின்றார், சரியான இடந்தான். தீராந்தி முற்றத்தில் மரக்கட்டைகள்மேற் கிடத்தியிருந்தது. குனிந்து பெயர்களை விரலாற் தடவினார். அம்மரத்தைப் பெயர்கள் தெரியும்படி தாழ்வாரத்தில் வைத்து, அருகே ஒரு விளக்கக் குறிப்பும் எழுதலாம் என்று குழுவிற் பேசியிருந்தோம். குறிப்பை நானே எழுதி வைத்திருந்தேன். அதனை அவரிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாய்" என்றார். "ஆனா மரத்தைக் கீழ வைச்சா மேல ஒண்டு குறையுமெல்லோ?"

மேசன், "ஓம், ஒண்டு குறையும்" என்றார்.

"அப்ப மேல போடுங்கோ. பிள்ளையள் படுக்கிற இடம்."

மறுநாட் காலை மரத்தை ஏற்றினார்கள். பெயர் கீறிய முகம் மேற்புறமாக இருந்தாற்றான் மரத்தின் நேர்ப்பக்கம் கீழே வரும் என்றார் மேசன்; அவ்வாறே வைத்தார். நண்பர் மதிய பஸ்ஸுக்குப் போகவேண்டியிருந்ததால் ஓடு போடுவதைப் பார்க்க நிற்கவில்லை. தாம்போதி வரை அவர்களோடு சென்று வழியனுப்பினேன். வழியிற் பள்ளிமுனைப் பெருக்கமரத்தை மகனுக்குக் காட்டவேண்டும் என்றார், காட்டினோம்.

மேற்குப் பாதி முடிந்துவிட்டது. கிழக்குப் பாதியில் அஸ்பெஸ்ரஸ் தகடு இன்னும் இருக்கின்றது. அதனை உடைக்காமல் நனைத்து இறக்கவேண்டும்; அதற்குப் பணம் போதாது. வாயிலிற் பதித்த பெயர்க்கல்லை எடுத்துவிடலாமா என்று சென்ற கூட்டத்திற் கேட்டேன். அதை எடுத்தால் அதன் பின்னாலுள்ள சுவரும் திருத்தவேண்டி வரும், இப்போது வேண்டாம் என்றார்கள். முற்றத்துக் குழியில் அடுத்த பூச்சுக்கான சுண்ணாம்பு கிடக்கின்றது. வாடை தொடங்குமுன் சாக்கை மாற்றவேண்டும்.